310 ஆட்டோ இருந்தும் சவாரி ஏன் வரவில்லை?

கேள்வி: மேடம், வணக்கம். ஸ்ரீரங்கத்தில் 22 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர். பெரிய கம்பெனி ஆப்களில் வருகிற ரேட் கட்டுப்படியாகவில்லை. நாமே ஓர் ஆப் வைத்துக்கொள்ளலாம் என்று 310 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டோம். பி.இ. முடித்த என் மகளும் அவள் தோழியும் ஆப்பைச் செய்து கொடுத்தார்கள். கமிஷன் கிடையாது. திருச்சி முழுக்க எங்கிருந்தும் கூப்பிடலாம். நான்கு மாதம் ஆகிறது, ஒரு நாளைக்கு 10, 12 சவாரிதான் வருகிறது. சவாரி இல்லாததால் டிரைவர்கள் ஆப்பை ஆன் செய்வதில்லை, சாயங்காலம் பார்த்தால் 28 பேர்தான் ஆனில் இருக்கிறார்கள். ஆட்டோ கிடைக்காததால் ஜனங்கள் ஆப்பை அழித்துவிடுகிறார்கள். போட்ட 6 லட்சத்து 20 ஆயிரத்தில் 3 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் இருக்கிறது. அதை சவாரிக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று கொடுத்து கூட்டம் சேர்க்கலாம் என்கிறது கமிட்டி. நம் உறுப்பினர்கள் மற்ற ஆப்களைப் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும், மீறினால் 500 ரூபாய் அபராதம் என்றும் ஒரு தீர்மானம் வரப்போகிறது. பெரிய கம்பெனிகள் நஷ்டத்துக்கு ஓட்டுவதைப் பற்றிப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்க முடியுமா? தெரிந்த ஒருவர், "இது நெட்வொர்க் எஃபெக்ட், கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் போகும், விட்டுவிடுங்கள்" என்கிறார். அப்படித்தானா?
— ஆட்டோ சங்கச் செயலாளர், ஸ்ரீரங்கம்

பதில்:

அண்ணா, வணக்கம். கமிட்டி கூடுவதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட்டால் நல்லது. அந்த இரண்டு தீர்மானங்களையும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். தள்ளுபடி தீர்மானம் பணத்தைத் தின்றுவிடும். அபராதத் தீர்மானம் உறுப்பினர்களின் வருமானத்தையும் குறைக்கும், சங்கத்தைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடும். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு உங்கள் நண்பர் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும். அவர் சொன்னது பாதி சரி.

நெட்வொர்க் எஃபெக்ட் என்பது இதுதான்: ஒரு பொருளை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்து உங்களுக்கு அதன் மதிப்பு கூடும், குறையும். ஊரில் ஒரே ஒரு டெலிபோன் இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? 1974-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். இப்படிப்பட்ட சேவை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் தானாகவே தேய்ந்துபோகும், அந்த அளவைத் தாண்டிவிட்டால் தானாகவே வளரும் என்றார். உங்கள் கடிதத்தில் நடப்பது அந்தத் தேய்மானம். டிரைவர் ஆன் செய்யவில்லை, அதனால் பயணி போய்விட்டார். பயணி போனதால் டிரைவர் ஆன் செய்யவில்லை. இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, உங்கள் மகளின் ஆப்பிலும் குறை இல்லை.

ஆனால் எல்லா நெட்வொர்க்கும் ஒன்றில்லை. வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு என் அக்காவிடம் பேச வேண்டும். அக்கா வாட்ஸ்அப்பில் இருந்தால் நானும் அங்கேதான் இருக்க வேண்டும், வேறு ஓர் ஆப்பில் ஒரு கோடிப் பேர் இருந்தாலும் எனக்குப் பயன் இல்லை. ஆட்டோ அப்படியா? ராஜகோபுரத்தருகே நிற்கிற அம்மாவுக்கு ஏதோ ஓர் ஆட்டோ வேண்டும், சீக்கிரம் வேண்டும், ரேட்டில் தகராறு இல்லாமல் வேண்டும். யார் ஓட்டுகிறார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஆறு நிமிடத்தில் வருகிற ஆட்டோ மூன்று நிமிடத்தில் வந்தால் சந்தோஷப்படுவார். இரண்டு நிமிடத்தில் வருவது ஒன்றரை நிமிடமானால் கவனிக்கக்கூட மாட்டார். அதனால் பெரிய கம்பெனியிடம் இன்னும் ஆயிரம் ஆட்டோ சேர்ந்தாலும், ஓர் எல்லைக்கு மேல் பயணிக்கு அதனால் கூடுதல் லாபம் கிடையாது. அந்த எல்லையை நீங்களும் தொட்டுவிட்டால், அவர்களுடைய கூட்டத்தின் பலம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. உங்கள் நண்பர் விட்ட பாதி இதுதான்.

எல்லையைத் தொடுவது எப்படி? இங்கேதான் நீங்கள் செய்த தவறு இருக்கிறது. "திருச்சி முழுக்க எங்கிருந்தும் கூப்பிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. திருச்சி மாநகராட்சியின் பரப்பு சுமார் 167 சதுர கிலோமீட்டர். ஆனில் இருப்பது 28 ஆட்டோ. அதில் பாதி வேறு சவாரியில் இருக்கும், அல்லது தூரம் என்று தட்டிவிடும். மிச்சம் 14. ஓர் ஆட்டோ 12 சதுர கிலோமீட்டரைக் காக்க வேண்டும். இந்தக் கணக்கில், கூப்பிட்ட இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற ஆட்டோ சராசரியாக ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அது நேர்கோட்டில். தெருவழியே இரண்டரை கிலோமீட்டர் ஆகிவிடும். சாயங்காலம் தில்லைநகரில், சத்திரம் பேருந்து நிலையப் பக்கத்தில் இரண்டரை கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நேரம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தூரத்தைப் பாதியாக்க எத்தனை ஆட்டோ வேண்டும்? இரண்டு மடங்கு போதும் என்று தோன்றும். போதாது, நான்கு மடங்கு வேண்டும், ஏனென்றால் இது பரப்பளவுக் கணக்கு. 28-க்குப் பதில் 112 ஆட்டோ எப்போதும் ஆனில் இருந்தால்தான் காத்திருக்கும் நேரம் பாதியாகும். அதே 28 ஆட்டோவை 10 சதுர கிலோமீட்டருக்குள் நிறுத்திப் பாருங்கள். அதே போலப் பாதிதான் காலி என்றாலும், தெருவழியே 600 மீட்டருக்குள் ஓர் ஆட்டோ இருக்கும். இரண்டு மூன்று நிமிடம். ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல், பரப்பை மட்டும் சுருக்கி, அந்த இடத்தில் பெரிய கம்பெனிக்குச் சமமாக நின்றுவிடலாம்.

பொருளாதார வகுப்பில் நெட்வொர்க் எஃபெக்ட் என்றாலே ஏதோ உலகம் முழுக்கப் பரவிய பூதம் மாதிரிப் பேசுவார்கள். சவாரித் தொழிலில் அது ஊருக்கு ஊர் தனி, பேட்டைக்குப் பேட்டை தனி, காலைக்கும் மாலைக்கும்கூடத் தனி. பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இருக்கிற லட்சம் ஆட்டோ, காலை ஆறரைக்கு உத்திர வீதியில் நிற்கிற பயணிக்கு எந்த விதத்திலும் உதவாது.

இப்போது தள்ளுபடிக்கு வருகிறேன். 3,80,000 ரூபாயை 50 ரூபாயாகப் பிரித்தால் 7,600 சவாரி. அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு வருகிறவர் யார்? போனில் ஏற்கனவே மூன்று ஆப் வைத்திருப்பவர். நான்காவதாக உங்களுடையதையும் போட்டுக்கொள்வார். தள்ளுபடி தீரும்வரை உங்களிடம், தீர்ந்ததும் அடுத்த ஆப்பில். அவரைக் குறைசொல்ல முடியாது, அவர் காசு அவருக்கு. சில வருடங்களுக்கு முன் தென்மாவட்ட ஊர் ஒன்றில், மளிகையை வீட்டுக்கே கொண்டுதருகிற ஒரு சிறிய ஆப்புக்கு நான் ஆலோசகராக இருந்தேன். முதல் மூன்று ஆர்டருக்குத் தள்ளுபடி என்று கணக்குப் போட்டோம். நானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் குவிந்தது. நான்காவது ஆர்டர் வரவில்லை. ஒன்பதாவது மாதம் கடையை மூடினார்கள். அந்தப் பணம் அவர்களுடைய அப்பாவின் ஓய்வூதியப் பணம். உங்களுடையது 310 குடும்பங்களின் பணம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒருவர் ஒரே நேரத்தில் பல ஆப் வைத்துக்கொள்வது உங்கள் தள்ளுபடியைக் கரைக்கிறது என்றேன். அதே பழக்கம்தான் உங்களை உயிரோடும் வைத்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அபராதத் தீர்மானத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அமெரிக்காவில் 1894-ல் பெல் கம்பெனியின் டெலிபோன் காப்புரிமை முடிந்ததும், ஊர் ஊராகப் புது டெலிபோன் கம்பெனிகள் முளைத்தன. ஒரு கம்பெனியின் போனிலிருந்து இன்னொரு கம்பெனியின் போனுக்குப் பேச முடியாது. பல ஊர்களில் கடைக்காரர்கள் இரண்டு போன் வைத்துக்கொண்டார்கள், இரண்டுக்கும் வாடகை கட்டினார்கள். இரட்டைச் செலவாக இருந்தும், அந்த இரண்டாவது போன் இருந்தவரை பெல் கம்பெனி ரேட்டைக் குறைத்துப் போட்டியிட வேண்டியிருந்தது. இன்றைக்கு இரண்டாவது ஆப் வைத்துக்கொள்ள வாடகை கிடையாது, போனில் கொஞ்சம் இடம் போதும். சவாரித் தொழிலில் ஒருவரே முழுச் சந்தையையும் விழுங்கிவிடாமல் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தை கிராப் கம்பெனியிடம் விற்றுவிட்டு, பதிலுக்கு கிராப்பில் 27.5 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. இரண்டாக இருந்தது ஒன்றானது. அதற்குப் பிறகு பயணிகள் கொடுத்த கட்டணம் 10 முதல் 15 சதவீதம் வரை ஏறியதாக அந்நாட்டுப் போட்டி ஆணையம் கண்டது. செப்டம்பரில் இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து சுமார் 1.3 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டது. எனக்கு அந்த அபராதத் தொகையைவிட, கூடவே போட்ட நிபந்தனை முக்கியமாகப் படுகிறது: டிரைவர்கள் எந்த ஆப்பில் வேண்டுமானாலும் ஓட்டலாம், கிராப் அவர்களைத் தன்னோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது. அதே ஆண்டு இறுதியில் இந்தோனேசியாவின் கோஜெக் சிங்கப்பூருக்குள் வந்து சவாரி ஏற்றத் தொடங்கியது. டிரைவர்கள் கட்டுண்டு கிடந்திருந்தால் புதிதாக வருகிறவருக்கு வண்டி எங்கிருந்து கிடைக்கும்?

உங்கள் கமிட்டி கொண்டுவரும் தீர்மானம் அந்தக் கட்டுத்தான் அண்ணா. பெரியவர்கள் போட்டால் உங்களைப் போன்றவர்கள் உள்ளே வரவே முடியாது என்கிற அதே கட்டை, சிறியவராக இருந்துகொண்டு நீங்கள் போடுகிறீர்கள். ஒரு நாளைக்கு 12 சவாரி வருகிற ஆப்பை மட்டும் வைத்துக்கொள் என்றால், 310 பேரில் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியவர் முதலில் சங்கத்தை விட்டுப் போவார். அவர் மற்ற ஆப்பிலும் ஓட்டட்டும், வருமானம் வரட்டும், உங்கள் ஆப்பும் போனில் இருக்கட்டும். உங்கள் ஆப்பில் சவாரி மணி அடிக்கும்போது அவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் போதும்.

சட்டப்படியும் அந்தத் தீர்மானம் ஆபத்து. 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 3-ம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பதையும், சேவையைக் கட்டுப்படுத்துவதையும் தடுக்கிறது. சங்கத் தீர்மானங்களும் அதற்குள் வரும். சங்கம் ஒப்புதல் கொடுத்தால்தான் கடைக்குச் சரக்கு என்று நடந்துகொண்ட மருந்து வணிகர் சங்கங்கள் ஆணையத்திடம் அபராதம் வாங்கியிருக்கின்றன. அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணத்தை வாங்குவோம் என்று நீங்கள் முடிவெடுப்பது வேறு. சங்கமே உட்கார்ந்து கிலோமீட்டருக்கு இவ்வளவு, அதற்குக் கீழே ஓட்டினால் அபராதம் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவது வேறு. ஏற்கனவே அப்படி ஏதாவது எழுதியிருந்தால், கிழித்துப் போடாதீர்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்ட புகார் விஷயம். கொடுக்க முடியும். ஜெயிப்பது கடினம், அதற்குள் உங்கள் பணமும் பொறுமையும் தீர்ந்துவிடும். நஷ்டத்துக்கு விற்பது மட்டுமே நம் சட்டத்தில் குற்றம் கிடையாது. விற்பவர் அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருந்து, போட்டியை ஒழிக்க அடக்கவிலைக்குக் கீழே விற்றால்தான் 4-ம் பிரிவு வரும். ஆதிக்கம் என்று நிரூபிப்பதில்தான் பல வழக்குகள் நின்றுபோகின்றன. பெங்களூரில் ஓலா மீது போன வழக்கில் 2017-ல் ஆணையம், ஓலாவிடம் பெரிய பங்கு இருந்தாலும் ஊபர் பின்னால் வந்தும் வேகமாக வளர முடிந்திருக்கிறது, அதனால் ஓலாவின் நெட்வொர்க் யாரையும் வாசலில் தடுத்து நிறுத்தவில்லை, ஆதிக்கம் இல்லை என்று முடித்தது. டெல்லி வட்டாரத்தில் ஊபர் மீது மேரு என்ற கால்டாக்சி கம்பெனி கொடுத்த புகார் 2015-ல் போனது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 செப்டம்பரில், ஒரு சவாரிக்கு 204 ரூபாய் நஷ்டம் என்ற கணக்கைப் பார்த்த நீதிபதிகள் விசாரணை நடக்கட்டும் என்றார்கள். விசாரணை நடந்தது. 2021-ல் ஆணையம் ஆதிக்கம் நிரூபணமாகவில்லை என்று மூடிவிட்டது. ஆறு வருடம்.

இந்தத் தீர்ப்புகளோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கையில் முதலீட்டாளர் பணம் குவிந்திருக்கிற இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் மோதும்போது, இரண்டு பேரில் யாருக்கும் ஆதிக்கம் இல்லை என்பது ஏட்டில் சரியாக இருக்கும். நடுவில் நசுங்குகிற உள்ளூர் கால்டாக்சிக்காரருக்கு அந்த வித்தியாசம் என்ன? பெரிய டிஜிட்டல் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே விதி வைக்கிற சட்டத்துக்கு 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. உங்கள் ஆப்பின் ஆயுள் மாதக்கணக்கில் இருக்கிறது, சட்டத்தின் நடை வருடக்கணக்கில். இருக்கிற விதிகளை வைத்துத்தான் நீங்கள் இப்போது யோசிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். "கமிஷன் கிடையாது" என்பதை உங்கள் பெரிய பலமாகச் சொல்கிறீர்கள். ஒரு காலத்தில் அது பலமாகத்தான் இருந்தது. 2022 அக்டோபரில் பெங்களூரில் ஆப் ஆட்டோக்கள் குறைந்தபட்சமாக 100 ரூபாய் வாங்குகின்றன என்று பெரிய சண்டை வந்தது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய். கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஆப் ஆட்டோக்களை நிறுத்தச் சொன்னது. அந்தச் சூட்டோடு, ஜஸ்பே என்ற கம்பெனியும் அங்குள்ள ஆட்டோ டிரைவர் சங்கமும் சேர்ந்து 'நம்ம யாத்ரி'யைக் கொண்டுவந்தார்கள். கமிஷன் இல்லை, பிறகு டிரைவரிடம் ஒரு நாளைக்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். பயணிக்கும் கோபம், டிரைவருக்கும் கோபம், இரண்டு பக்கமும் ஒரே வாரங்களில் தேடிக்கொண்டு வந்தன. அதுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. 2025 பிப்ரவரியில் ஊபரே ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுவிட்டு, ஆப்பைப் பயன்படுத்த ஒரு கட்டணம் என்ற முறைக்கு மாறியது. சின்ன போட்டியாளர்கள் சந்தையில் இருந்ததால் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதனால் நாடெங்கும் ஆட்டோக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் ஆப்புக்கு "கமிஷன் இல்லை" என்பது இனிமேல் தனி அடையாளமாக இருக்காது. பயணிக்கோ அது எப்போதுமே பொருட்டாக இருந்ததில்லை. ஆட்டோ வருமா, எப்போது வரும், அவருக்கு அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்?

அறுபது நாளைக்கு திருச்சியை மறந்துவிடுங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் மட்டும். ஏற்றுவது தீவுக்குள், இறக்குவது எங்கே வேண்டுமானாலும். அதிலும் காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை மட்டும். இரண்டு ஆறுகள் போட்டுக்கொடுத்த எல்லை அது, வேறு ஊர் சங்கத்துக்குக் கிடைக்காத வசதி. கோயிலுக்கு வருகிறவர்கள், ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள், சத்திரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கிளம்புகிற பெரியவர்கள், எல்லாரும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் வருகிறார்கள். பஞ்சப்பூரில் 2025-ல் புதுப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வெளியூர் பஸ் பிடிக்கக்கூட நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தின நாள் இரவே ஆட்டோ சொல்லிவைக்க விரும்புகிறவர்கள் தீவுக்குள் நிறைய இருப்பார்கள்.

தள்ளுபடிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை டிரைவர்களுக்குக் கொடுங்கள். தினமும் சுழற்சி முறையில் 12 பேர். அந்த மூன்று மணி நேரமும் தீவுக்குள் நம் ஆப்பில்தான் இருப்பேன், எந்தச் சவாரியையும் தட்டமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறவருக்கு 150 ரூபாய் காத்திருப்புப் பணம். சவாரிக் காசு முழுக்க அவருக்கே. பஞ்சப்பூர் போய்விட்டு ரிட்டன் காலியாக வந்தால் அந்த 150 அதற்கு ஈடாகும். மீதி நேரத்தில் அவர் எந்த ஆப்பில் வேண்டுமானாலும் ஓட்டட்டும். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், 60 நாளைக்கு 1,08,000. பயணிக்குக் கொடுக்கிற 50 ரூபாய் ஒரு சவாரியோடு போய்விடும். டிரைவருக்குக் கொடுக்கிற 150 ரூபாய், அந்த மூன்று மணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் ஆட்டோ வரும் என்ற நம்பிக்கையை வாங்கித்தரும்.

கூடவே ஒரு போன் நம்பர். தீவுக்குள் இருக்கிற பெரியவர்களில் பலர் ஆப் போடமாட்டார்கள், கூப்பிடுவார்கள். ஒருவர் உட்கார்ந்து அழைப்பை எடுத்து ஆப்பில் பதிவு செய்யட்டும், நாளுக்கு 400 ரூபாய், 60 நாளைக்கு 24,000. உண்மையில் உங்களுக்கு நேரடிப் போட்டி யார் தெரியுமா? ஒவ்வொரு வீட்டிலும் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிற, தெரிந்த ஆட்டோக்காரரின் நம்பர். அவர் வேறு சவாரியில் இருக்கும்போது அந்த வீட்டுக்கு யாரும் இல்லை. 12 பேருக்கு ஒரே நம்பர் இருந்தால், அந்தத் தாளில் அது முதலிடம் பிடிக்கும்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அன்றைக்கு ஒவ்வோர் ஆட்டோவும் ஆப் இல்லாமலே நிரம்பி ஓடும், பாதித் தெருக்கள் அடைபட்டிருக்கும். முதன்முதலில் கூப்பிடுகிறவருக்கு ஆட்டோ கிடைக்காது, இரண்டாவது தடவை அவர் கூப்பிடமாட்டார். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்குங்கள்.

அறுபது நாளில் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் போதும். தீவுக்குள் வந்த அழைப்புகளில் நூற்றுக்கு எத்தனைக்கு ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டோ போனது? முதல் தடவை வந்த நூறு பேரில், அடுத்த இரண்டு வாரத்துக்குள் எத்தனை பேர் தாங்களாகவே மறுபடி கூப்பிட்டார்கள்? முதல் எண் 80-க்குக் கீழே இருந்தால் கோளாறு உங்கள் பக்கம், சரிசெய்ய முடியும். அது 80-ஐத் தாண்டியும் இரண்டாவது எண் 25-க்குக் கீழேயே நின்றால், ஜனங்களுக்கு இன்னோர் ஆப் தேவைப்படவில்லை என்று பொருள். இந்த அளவுகோல்கள் என் அனுபவத்தில் நான் வைத்துக்கொள்பவை. டவுன்லோடு எத்தனை என்ற எண்ணை மகளிடம் கேட்கவே கேட்காதீர்கள், அது மனதைத்தான் குளிர்விக்கும்.

இரண்டும் நன்றாக வந்தால், நேரத்தை நீட்டுங்கள், பிறகு சத்திரம், பிறகு உறையூர், தொட்டடுத்த இடமாகப் போங்கள். அந்தக் கட்டத்தில் மகளை இன்னொரு வழியையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்டோவில் ஒட்டியிருக்கிற க்யூஆர் அட்டையை யோசித்துப் பாருங்கள். பயணி எந்த ஆப்பிலிருந்து பணம் அனுப்பினாலும் அந்த ஓர் அட்டைக்கு வந்துவிடுகிறது. 2016-ல் யுபிஐ அப்படித்தான் கட்டப்பட்டது, கூட்டம் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாகாமல் பொதுவில் இருக்கும். சவாரிக்கும் அதே மாதிரி, பயணி ஓர் ஆப்பிலும் டிரைவர் இன்னோர் ஆப்பிலும் இருந்தாலும் சேர்த்துவைப்பதற்கு ஓஎன்டிசி என்ற பொது வலையமைப்பு இருக்கிறது. நம்ம யாத்ரி 2023-ல் அதில் சேர்ந்தது. அவர்களுடைய மென்பொருளின் நிரலும் எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது, மகள் எல்லாவற்றையும் தானே எழுத வேண்டியதில்லை. பொது வழி திறந்தாலே எல்லாம் சமமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். யுபிஐயிலேயே இரண்டு ஆப்கள் பல வருடமாக 80 சதவீதத்துக்கு மேல் பரிவர்த்தனைகளை வைத்திருக்கின்றன. எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் போட்ட விதியின் கெடு, 2026 இறுதி வரை தள்ளிப்போயிருக்கிறது. வழி திறந்திருந்தாலும் ஜனங்கள் பழகிய இடத்துக்குத்தான் போகிறார்கள். அதனால்தான் முதலில் தீவுக்குள் பழக்கத்தை உண்டாக்குங்கள் என்கிறேன்.

எண்கள் நன்றாக வராவிட்டால், அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இந்த முயற்சிக்கு மொத்தச் செலவு 1,32,000. மிச்சம் 2,48,000. 310 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சரியாக 800 ரூபாய் கையில் கொடுக்கலாம். தொடங்குவதற்கு முன்னாலேயே கூட்டத்தில் இதைச் சொல்லி, மினிட்ஸில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்னும் பத்தாயிரம் போட்டால் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் அறுபதாவது நாள் எல்லாருக்கும் வரும், உங்களுக்கும் வரும். அப்போது எடுத்துக் காட்ட அந்தக் கையெழுத்து வேண்டும்.

உங்கள் மகளுக்கும் தோழிக்கும் இதுவரை சம்பளம் ஏதாவது கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. நான்கு மாத உழைப்பு அது. ஆப் யாருக்குச் சொந்தம், சங்கத்துக்கா அவர்களுக்கா என்பதையும் அதே கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அறுபது நாள் முடிந்ததும் அந்த இரண்டு எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த கணக்கை அதிலிருந்து போடுவோம்.